மழைச் சீட்டு

கிஷோர் சீட்டுக்கட்டை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதியை மேலே வைத்து, "ஆச்சுங்க்கா" என்று அவள் பக்கம் தள்ளினான். அந்த நொடியில்தான் கோகிலவாணிக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. என்னவென்று உடனே தெரியவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு கைப்பையைத் தொட்டுப் பார்க்கத் தோன்றுமே, அது போல. ஏதோ ஒன்று சரியாக இல்லை, ஏதோ ஒன்றைச் செய்யவில்லை. கை கட்டின் மேல் இருந்தது. மழை. போன சுற்றில் கட்டுக்குள் வைத்த மழைச் சீட்டை வெளியே எடுத்தேனா? எடுத்திருப்பாள். எடுக்காமல் இருப்பாளா? ஒவ்வொரு சுற்று முடிந்ததும் செய்கிற வேலைதானே. ஒவ்வொரு சுற்றிலும் செய்வதால்தான் இந்தச் சுற்றில் செய்தது தனியாக நினைவில் நிற்கவில்லை. விரல் மழையை உருவுவது தெரிகிறது, சீட்டின் நீலம் தெரிகிறது, ஆனால் அது இன்று மத்தியானமா, போன மாதம் ஈரோட்டிலா, வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பழகியபோதா என்று தெரியவில்லை. கட்டை எண்ணித்தான் மேசையில் வைத்தாள், நாற்பது. நாற்பது என்பதில் என்ன இருக்கிறது? ஒன்றை எடுத்து ஒன்றை வைத்தாலும் நாற்பது, வைத்ததை எடுக்க மறந்தாலும் அதே நாற்பது.

மேசையின் ஓரத்தில் அவளுடைய சிறிய பெட்டி மூடியிருந்தது. அதில் பத்துச் சீட்டுகள். இந்த ஆட்டத்தில் எல்லோரிடமும் அப்படி ஒரு பெட்டி உண்டு, சைடு என்பார்கள். புது ஆளோடு உட்காரும்போது பதிவு செய்த நாற்பதோடுதான் உட்கார வேண்டும். ஒரு சுற்றின் மூன்று ஆட்டத்தில் முதலாவது முடிந்து, எதிராளியிடம் இருப்பது என்ன என்று தெரிந்த பிறகு, பெட்டியைத் திறந்து வேண்டியதைக் கட்டுக்குள் வைத்து வேண்டாததை வெளியே எடுக்கலாம். அடுத்த ஆளிடம் போகும் முன் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட வேண்டும். முதல் ஆட்டம் நடக்கும்போது பெட்டியைத் திறக்கக் கூடாது, வெட்டிய கட்டைப் புரட்டக் கூடாது. ஒரு சாண் தூரத்தில் பெட்டி இருக்கிறது, அதற்குள் பதில் இருக்கிறது, தொட முடியாது. போன சுற்றில் மழையைக் கட்டுக்குள் வைத்து, ஒரு சுவரை எடுத்துப் பெட்டியில் போட்டிருந்தாள். இப்போது அந்தப் பெட்டிக்குள் மழை இருந்தால் எல்லாம் சரி. சுவர் இருந்தால் அவள் திருட்டுக் கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன அக்கா, எடுங்க. பெங்களூரு டிரெயினு போயிருமாட்ட இருக்குது" என்றான் கிஷோர். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, பையை நாற்காலிக் கையில் மாட்டியிருந்தான், ஞாயிற்றுக்கிழமையிலும் கழுத்துப்பட்டையை அவிழ்க்கவில்லை. இந்தக் கடைசிச் சுற்றில் இந்த மேசையில் ஜெயிக்கிறவருக்குப் பெங்களூரில் நடக்கிற பெரிய போட்டியில் இடம். காந்திபுரத்தில் பேக்கரிக்கு மேலே இருக்கிற இந்த ஹாலில் காலையில் முப்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது பாதிப் பேர் தோற்று, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கிறார்கள். கீழேயிருந்து பப்ஸ் வேகிற வாசனை மாடிப்படி வழியாக ஏறி வந்தது. வெண்ணெய் வாசனை. பால் வாசனை மாதிரியும் இருந்தது. வாணி ஐந்து சீட்டை எடுத்தாள். ஒவ்வொன்றாக, ஓரத்தை மட்டும் தூக்கி, நீலம் இருக்கிறதா என்று பார்த்தாள். ஆமை, கல், கல், கிணறு, ஆமை. நீலம் இல்லை. மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது. இன்னும் முப்பத்தைந்து சீட்டு கட்டில் இருக்கிறதே.

கிஷோர் முதல் சீட்டை இறக்கினான். கொள்ளி. அவனும் சாம்பல் கட்டுதான். இந்த ஹாலில் பாதிப் பேர் சாம்பல். சித்திரை மாதம் பார்த்தால் எல்லோரும் தேனீ ஆடினார்கள், சின்னச் சின்னச் சீட்டாக இறக்கி, எதிராளி நிமிர்வதற்குள் அவன் கோட்டையை மொய்த்து வீழ்த்திவிடுவார்கள். தேனீக்குப் பயந்து எல்லோரும் பெட்டியில் புகையை வைத்தார்கள். புகை நிறைந்ததும் தேனீ ஆடினவர்கள் எல்லாம் தோற்றார்கள், தோற்றதும் கைவிட்டார்கள். புகையால் ஒன்றும் செய்ய முடியாத கட்டு எது என்று தேடினால் சாம்பல் இருந்தது, யாரும் சீந்தாமல் கிடந்த கட்டு. அது தன் சீட்டைத் தானே எரித்துக் குப்பையில் போட்டு, குப்பையிலிருந்து பெரிதாக எழுப்பும். ஆனியில் இரண்டு பேர் ஆடினார்கள். ஆடியில் பத்துப் பேர். இப்போது சாம்பலுக்குப் பயந்து எல்லோர் பெட்டியிலும் மழை இருக்கிறது. மழை ஒன்று இறங்கினால் குப்பை முழுவதும் கரைந்து போகும், எழுப்ப எதுவும் மிஞ்சாது. பலமான கட்டு எது என்று கிஷோர் போன்றவர்கள் வாட்ஸ்அப் குழுவில் விடிய விடியச் சண்டை போடுகிறார்கள். வாணிக்கு அந்தச் சண்டை புரிந்ததே இல்லை. பலமான கட்டு என்று ஒன்று எங்கே இருக்கிறது? எல்லோரும் போன மாதத்துக்குப் பயந்துகொண்டிருக்கும்போது, அந்தப் பயத்துக்கு இந்தப் பக்கமாக வந்து நிற்கிற கட்டு ஜெயிக்கிறது. ஒரு ஆளின் பெட்டியைத் திறந்து அந்தப் பத்துச் சீட்டைப் பார்த்தால் அவன் எதற்கெல்லாம் பயப்படுகிறான் என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். அவளுக்கு மட்டும் பத்து போதவில்லை. நூறு கொடுத்தாலும் நிரப்புவாள்.

அவள் ஆமை ஆடினாள். மெதுவான கட்டு. கல்லை அடுக்கி, சுவரை எழுப்பி, எதிராளி களைத்த பிறகு நகர்வது. "உன் குணத்துக்கு ஏத்த டெக்கு" என்று தாமோதரன் சொல்வார். தாமோதரன் அவள் கணவர். இந்த ஹாலில் அவர்தான் ஜட்ஜ். அதோ ஜன்னல் பக்கம் நிற்கிறார், கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. வீட்டில் அவரை "ஏங்க" என்பாள். இங்கே கையைத் தூக்கி "ஜட்ஜ்" என்று கூப்பிட வேண்டும், அதுதான் முறை. முதல்முறை அப்படிக் கூப்பிட்டபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. போன மாதம் ஈரோட்டில் கூப்பிட்டபோது சிரிப்பு வரவில்லை. ஆட்டத்தின் நடுவில், கட்டில் ஒரு சீட்டு கூடுதலாக இருக்குமோ என்று தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு ஆட முடியவில்லை. கூப்பிட்டாள். ஆட்டத்தை நிறுத்தி, அவர் நின்றுகொண்டே எண்ணினார், எல்லோரும் பார்க்க. நாற்பது. இன்னொரு தடவை எண்ணச் சொன்னாள். நாற்பது. யாரோ பின்னாலிருந்து "இன்ஸ்பெக்டர் அக்கா" என்றார்கள், ஹாலே சிரித்தது, அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. திரும்பி வரும் வழியில் பெருந்துறை தாண்டும்வரை தாமோதரன் பேசவில்லை. அப்புறம் மெல்ல, "நீ கூப்பிடு வாணி, தப்பில்ல. ஆனா ஒண்ணு இருந்தாக் கூப்பிடு" என்றார்.

ஒன்று இருக்கிறதா? அதைத்தானே கேட்கிறாள். வாணி ஒரு கல்லை இறக்கினாள். கிஷோர் இரண்டு சீட்டை எரித்துக் குப்பையில் போட்டான், ரசித்துப் போட்டான். வேலை செய்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒவ்வொரு குழாயின் பெயரையும் அவள் வாய்விட்டு இரண்டு முறை படிப்பாள், ஒட்டியதைத் தடவிப் பார்ப்பாள், திரும்பி வந்து மறுபடியும் பார்ப்பாள். அங்கே அதற்குப் பெயர் பொறுப்பு. டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அதையே வீட்டில் செய்தால் கணவர் வண்டியை உதைத்துக்கொண்டு நிற்கிறார். கேட்டுப் பூட்டு, தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி, அடுப்பு. படியேறி, பூட்டைத் திறந்து, அடுப்புக் குமிழைத் தொட்டுத் திருகி, அணைந்திருக்கிறது என்று கையால் தெரிந்துகொண்டு இறங்கினால்தான் நாள் தொடங்கும். போய்ப் பார்த்த எல்லா நாளும் அணைந்துதான் இருந்தது. ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அப்படியானால் இந்தப் பயம் சொன்னது ஒரு தடவையாவது பலித்திருக்கிறதா? இல்லை. ஈரோட்டில் பலித்ததா? இல்லை. இதுவும் அதுதான். பழைய பொய், புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது. அவள் கட்டின் மேல் கை வைத்து அடுத்த சீட்டை எடுத்தாள். ஓரத்தைத் தூக்கினாள். சாம்பல் நிறக் கல். நீலம் இல்லை.

அதோடு இன்று அவள் கேட்டுவிட்டாளே. யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடமே கேட்டுவிட்டாளே. போன சுற்று முடிந்து, மாடிப்படித் திருப்பத்தில் டீயை வைத்துக்கொண்டு சீட்டை மாற்றினாள். மாற்றினாள்தானே, பெட்டியைத் திறந்தது நன்றாக நினைவிருக்கிறது, மூடியில் டீ சிந்தி துப்பட்டாவால் துடைத்தது நினைவிருக்கிறது. துடைத்த பிறகு? துடைத்த பிறகு தாமோதரன் மேலேயிருந்து இறங்கி வந்தார். "ஏங்க, மழைய எடுத்துட்டனா?" என்று கேட்டாள். "எடுத்துட்ட கண்ணு. பார்த்தேன்." அவ்வளவு சுருக்கமாக, அவ்வளவு நிச்சயமாக. அவர் வேலை பம்ப்செட் கம்பெனியில், தரம் பார்க்கிற பிரிவில். மோட்டாரில் ஒரு சொட்டு கசிந்தாலும் திருப்பி அனுப்புகிறவர். அவர் பார்த்தேன் என்றால் பார்த்ததுதான். கையில் சுற்று முடிவுகள் எழுதிய தாள் இருந்தது. அவர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டா சொன்னார்? தலையை நிமிர்த்தினாரா? நிமிர்த்தியிருப்பார். அவர் வந்தபோது பெட்டி மூடியிருந்ததா, திறந்திருந்ததா? மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூடியைத் துடைக்க வேண்டுமானால் பெட்டி மூடியிருக்க வேண்டும். மூடியிருந்தால் அவர் எதைப் பார்த்தார்?

சீட்டுகளின் பிளாஸ்டிக் உறை விரலில் ஒட்டியது. கிஷோர் குப்பையிலிருந்து தன் பெரிய எரிமலைக் காளையை எழுப்பினான், அதை மேசை நடுவில் வைத்து ஒரு தட்டுத் தட்டினான். "மன்னிச்சுக்கங்க்கா. சாம்பல் ஆடறவனுக்கு மனசாட்சி கிடையாது." பின்னால் நின்றவர்களில் ஒருவன், "கிஷோரு, ஜட்ஜு சம்சாரம்டா. பாத்து அடி" என்றான். "அதுக்குத்தான் பயப்படறேன். நான் ஜெயிச்சா எனக்கு வார்னிங்கு, அக்கா தோத்தா அவருக்கு வீட்ல வார்னிங்கு." சிரித்தார்கள். வாணியும் சிரித்தாள், உதடு மட்டும். அவள் கோட்டையில் இரண்டு கல் உடைந்தது. இன்னொரு அடி தாங்கும், அதற்கு மேல் தாங்காது. இந்த நிலைமையில் சுவர் உதவாது, ஆமை உதவாது, உதவக்கூடியது ஒன்றே ஒன்றுதான். மழை. இப்போது மழை வந்தால் குப்பை கரையும், காளை சரியும், ஆட்டம் அவள் பக்கம் திரும்பும். கட்டில் மழை இருக்கக் கூடாது என்று இவ்வளவு நேரம் வேண்டிக்கொண்டிருந்த மனசு, அடியில் வேறொரு குரலில், வந்துவிடு என்று கூப்பிட்டதை அவள் கேட்டாள். வந்தால் ஆடுவாயா? யாருக்குத் தெரியும்? பதிவில் என்ன இருக்கிறது என்று கிஷோருக்கா தெரியும்? சாம்பல் இவ்வளவு பேர் ஆடுகிற மாதத்தில் மழையை முதலிலிருந்தே கட்டில் வைத்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவன் ஒன்றும் நினைக்க மாட்டான். யாராவது சோதித்தால்தான் உண்டு. சோதிக்க வேண்டியவர் ஜன்னல் பக்கம் நிற்கிறார். அப்புறம் என்றைக்காவது தெரிந்தால், புருஷன் ஜட்ஜ், பொண்டாட்டி திருட்டுக் கட்டு, இருவரும் சேர்ந்து செய்தார்கள் என்பார்கள். மறந்துவிட்டேன் என்றால் யார் நம்புவார்கள்? இன்ஸ்பெக்டர் அக்கா மறப்பாளா? எல்லாவற்றையும் மூன்று தடவை பார்க்கிறவள் இதை மட்டும் மறந்தாளாம்.

"உங்க டர்னுங்க்கா."

கை கட்டின் மேல் போய் நின்றது. மேல் சீட்டின் பின்புறம் எல்லாச் சீட்டையும் போலக் கறுப்பு. எடுத்தால் தெரிந்துவிடும், அல்லது தெரியாமல் போகும். தெரிந்தால் என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியவில்லை, அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. கூப்பிட்டு, ஒன்றும் இல்லையென்றால்? பெருந்துறை வரைக்கும் பேசாத முதுகு. ஹால் முழுக்கச் சிரிப்பு. காலையில்தானே நினைத்தாள், நான் மாறிக்கொண்டிருக்கிறேன் என்று. பாலைக் காய்ச்சிக் குடித்துவிட்டு இறங்கியபோது, வழக்கம்போல, "அடுப்ப அணைச்சனா?" என்று கேட்டாள். "அணைச்சிட்ட. பார்த்தேன். ஏறு வண்டில." வண்டியில் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் படியேறவில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டாள். கணபதி மேம்பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோது எவ்வளவு லேசாக இருந்தது. ஒரு ஆள் பார்த்தேன் என்றால் நம்பிவிடுவது இவ்வளவு சுலபமா என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த லேசு இன்னும் வேண்டும். நம்பு. மேல் சீட்டை எடு. விரல் நகரவில்லை. நேர்மையால் அல்ல என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். வலது கை கட்டின் மேல் இருக்க, இடது கை தானாக மேலே போயிற்று.

"ஜட்ஜ்."

ஹாலில் ஒரு சலசலப்பு. "ஆரம்பிச்சுட்டாங்கப்பா" என்றது ஒரு குரல். தாமோதரன் வந்தார். முகத்தில் ஜட்ஜ் இருந்தார், கண்ணில் மட்டும் வீட்டுக்காரர். "சொல்லுங்க" என்றார்.

"போன சுற்றுல வெச்ச மழைய எடுத்தனான்னு சந்தேகமா இருக்குதுங்க. பெட்டியப் பாக்கணும்."

அவர் குனிந்தார். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நீ எடுத்துட்டன்னு சொன்னனே. பார்த்தேனே வாணி."

"பார்த்தீங்களா?"

அவர் பெட்டியை எடுத்தார். மூடியில் டீக்கறை காய்ந்து ஒட்டியிருந்தது, நெம்பித் திறந்தார். சீட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். புகை. புகை. பள்ளம். வலை. கடைசியிலிருந்து இரண்டாவது சீட்டு வந்தபோது அவர் கை நின்றது. சுவர். அதற்கடுத்ததையும் பார்த்தார், அது நீலம் இல்லை. பத்திலும் நீலம் இல்லை. கிஷோர் எட்டிப் பார்த்துவிட்டு, "அட" என்றான். சிரிப்பு எதுவும் எழவில்லை. வாணிக்கு முதலில் வந்தது துக்கமில்லை. நிஜமாகவே இருக்கிறது என்ற ஒரு ஆச்சரியம், ஒரு விநாடி, இத்தனை வருடம் கதவைத் தட்டிவிட்டு ஓடின யாரோ ஒருவர் முதல்முறையாக வாசலில் நின்றுகொண்டிருப்பது போல. அப்புறம் அவள் கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"முதல் ஆட்டம் கிஷோருக்கு" என்றார் தாமோதரன், எல்லோருக்கும் கேட்கும்படி. குரல் சரியாகத்தான் இருந்தது. "மிச்சம் ரெண்டும் ஆடலாம். பெட்டிய மாத்திக்கலாம்."

"நீங்களாச் சொல்லலீன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க்கா" என்றான் கிஷோர். ஆட்டம் கிடைத்தும் அவனுக்கு அது பிடிக்கவில்லை. "ரெண்டுலயும் அடிச்சுப் போடுங்க. நான் வேணும்னா ரெண்டு கார்டு கம்மியா எடுத்துக்கறேன்." "சும்மா ஆடு தம்பி" என்றாள் வாணி. அவள் கட்டைப் புரட்டி மழையைத் தேடினாள். மேலேயே இருந்தது, முதல் சீட்டு. எடுத்திருந்தால் வந்திருக்கும். இப்போது அது உள்ளே இருக்கலாம், முறைப்படி, யாரும் கேட்க முடியாது. கலைத்தாள். கை கலைத்துக்கொண்டிருந்தது, மனசு மாடிப்படித் திருப்பத்தில் நின்றது. அவர் பார்க்கவில்லை. தாளிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, அவளைச் சும்மா இருக்க வைப்பதற்காகச் சொன்னார், தூங்காத குழந்தைக்குச் சொல்வது போல. எத்தனை வருடமாகச் சொல்கிறார்? பார்த்தேன், பார்த்தேன். அவள் படியேறிப் போய்ப் பார்த்ததால் அது ஒவ்வொரு நாளும் உண்மையாகிப் போயிற்று. அவள் போகாத நாள் ஒன்றே ஒன்று.

கை நின்றது. ஹாலில் பப்ஸ் வாசனை. வெண்ணெய், பால். காலையில் பால் வைத்த பாத்திரத்தை இறக்கினாளா, மிச்சப் பாலைச் சின்னத் தீயில் விட்டாளா? விட்டால் பொங்கும். பொங்கினால் தீ அணையும். தீ அணைந்தால் குமிழ் திறந்தபடியே இருக்கும், மூடிய வீட்டுக்குள் காலையிலிருந்து கேஸ் கசிந்துகொண்டிருக்கும். நிமிர்ந்தாள். தாமோதரன் இன்னும் போகவில்லை, மேசை அருகிலேயே நின்றிருந்தார். "ஏங்க" என்றாள். ஜட்ஜ் என்று சொல்ல வேண்டும் என்பது மறந்துபோயிற்று. "காலைல, அடுப்பு."

அவர் திரும்பி ஜன்னலுக்குப் போனார், போகும்போதே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அவர் யாரைக் கூப்பிடுகிறார் என்று அவளுக்குத் தெரியும். கீழ் வீட்டு மேரியிடம் ஒரு சாவி உண்டு. மேரி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் எங்கேயும் போவாள். படியேறி, கதவைத் திறந்து, இருட்டாக இருக்கிறதே என்று சுவரைத் தடவி ஸ்விட்சைப் போடுவாள். போடாதே என்று சொல்ல வேண்டும். குழந்தையைக் கீழே விட்டுவிட்டு வா, ஜன்னலைத் திற, ஸ்விட்சைத் தொடாதே. இவ்வளவையும் சொல்ல நேரம் ஆகும். அவர் உதடு கொஞ்சம்தான் அசைந்தது. "வெட்டட்டுமாங்க்கா?" என்றான் கிஷோர். வெட்டினான். அவள் ஐந்து சீட்டை எடுத்தாள், ஓரத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை, அப்படியே விரித்துப் பிடித்தாள். முதல் சீட்டு நீலம். பெங்களூர் கையில் இருப்பது போல இருந்தது, யாருடைய கையிலோ.

தாமோதரன் போனைக் காதில் வைத்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு அசையவில்லை. கிஷோர் கொள்ளியை இறக்கினான், இரண்டு சீட்டை எரித்தான். அவள் ஒரு கல் வைத்தாள். அவன் காளையை எழுப்பினான். அவள் மழையை எடுத்து மேசை நடுவில் வைத்தாள், அவன் குப்பை முழுவதையும் வாரி ஒதுக்கிவிட்டு, "செத்தேன்" என்றான். பின்னால் யாரோ கை தட்டினார்கள். அவள் ஜன்னலையே பார்த்தாள். அவர் போனை இறக்கினார். திரும்பினார். இவ்வளவு தூரத்திலிருந்து அவளைப் பார்த்து, தலையை ஒரு முறை ஆட்டினார், அணைந்துதான் இருக்கிறது என்று.

ஒரு பெண் குழந்தையோடு படியேறி, சாவியைத் தேடித் திறந்து, அடுக்களை வரைக்கும் நடந்து, குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லும் நேரம் ஆகியிருக்குமா? ஆகியிருக்கும். ஆகாமலும் இருந்திருக்கும். அவர் தலையை ஆட்டிய விதம் காலையில் வண்டியில் உட்கார்ந்து ஆட்டினாரே, அதே மாதிரிதான் இருந்தது. வாணி கையிலிருந்த சீட்டுகளை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "ஒரு நிமிசம் தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்து, தன் போனை எடுத்து, மேரியின் எண்ணை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது.